எட்டடி அகலத்து வீடு

பேச்சு வழக்கில் கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகத்தின் ஒவ்வோர் அளவும் லாரியையும் கப்பலையும் கிரேனையும் கருதி வகுக்கப்பட்டதேயன்றி மனிதர் குடியிருப்பைக் கருதி அல்ல. லாரித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய மால்கம் மெக்லீனின் ஏற்பாட்டில், 'ஐடியல் எக்ஸ்' என்னும் பழைய எண்ணெய்க் கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டகங்களுடன் நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டதை இம்முறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் எட்டடிக்கு மேல் அகலமான வண்டிகளுக்குச் சாலையில் இடமில்லாததால் பெட்டகமும் எட்டடியில் நின்றது. பின்னர் 20 அடி, 40 அடி என்று நீளங்கள் உலகப் பொதுவாக வரையறுக்கப்பட்டபோதும் அந்த அகலம் மாறவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாணவர் தம் கட்டிலைக் குறுக்கே போடுவதா நீளவாக்கில் போடுவதா என்பதைத் தீர்மானித்தது, ஒருவகையில் அந்தச் சாலை விதிதான்.

பெட்டகங்களைக் குடியிருப்பாக மாற்றும் செய்முறைக்கு அமெரிக்காவின் பிலிப் கிளார்க் 1987இல் விண்ணப்பித்து 1989இல் காப்புரிமை பெற்றார். ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்த பெட்டகங்கள் திருப்பி அனுப்பச் சரக்கின்றி மேலை நாட்டுத் துறைமுகங்களில் அடுக்கடுக்காகத் தேங்கியது இவ்வெண்ணத்துக்கு ஊக்கமளித்தது. 2001இல் லண்டனின் டிரினிட்டி பாய் வார்ஃப் துறையில் எழுந்த 'கண்டெய்னர் சிட்டி' இதனைப் பலரும் அறியச் செய்தது.

ஆயினும் பெட்டகத்தின் வலிமை எங்கிருக்கிறது என்று பார்த்தால்தான் தச்சரும் பற்றவைப்பவரும் படும் பாடு விளங்கும். மேலே அடுக்கப்படும் பெட்டகங்களின் பாரம் முழுவதையும் நான்கு மூலைத் தூண்களே தாங்குகின்றன. பக்கச் சுவரோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள, மடிப்பு மடிப்பான எஃகுத் தகடு. சன்னலுக்காக அத்தகட்டை வெட்டினால் விறைப்பு குறைவதால், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். வெயிலில் கொதித்துக் குளிரில் உறையும் உலோகமாதலால் உட்புறத்தில் வெப்பத்தடுப்புப் பூச்சோ பலகையோ தேவை. இல்லையேல் சமையலாலும் மூச்சாலும் எழும் ஈரம் தகட்டில் பட்டு நீர்த்துளிகளாக வழியும். உள்ளகலம் முதலிலேயே ஏழே முக்கால் அடிக்குள்தான். தடுப்புப் பலகை அதிலும் சில அங்குலங்களை விழுங்கிவிடும். பழைய பெட்டகத்தின் தரைப்பலகை பூச்சி அரிக்காதபடி மருந்தூட்டப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் ஆராய வேண்டும்.

அடித்தளம், குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றின் செலவு எந்த வீட்டுக்கும் உள்ளதே. ஆகவே பெட்டகம் மிச்சப்படுத்துவது பணத்தைவிடக் காலத்தையே எனலாம். சில ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும் நிலத்தில் விரைந்து நிறுத்தி, பின்னர் அப்படியே தூக்கிச் செல்லலாம் என்பதே அதன் உண்மையான சிக்கனம். ஆம்ஸ்டர்டாமில் 2005, 2006 ஆண்டுகளில் சுமார் ஆயிரம் மாணவர்களுக்காக அமைந்த 'கீட்வோனன்' குடியிருப்பு இதற்குத் தெளிவான சான்று. அங்கு வந்தவை துறைமுகத்தில் ஒதுக்கப்பட்ட பழைய பெட்டிகள் அல்ல. வீடாகவே சீனாவில் புதிதாகச் செய்யப்பட்டவை என்பதால், மறுபயன்பாடு என்ற புகழுரை அவற்றுக்குப் பொருந்தாது. எலி வளையானாலும் தனி வளை என்பதுபோல் ஒவ்வொருவருக்கும் தனிக் குளியலறையும் பால்கனியும் இருந்தமையால் மாணவர்கள் அவற்றை விரும்பினர். ஐந்தாண்டுகளுக்கென்று வந்த குடியிருப்பு பத்தாண்டுகளைக் கடந்தும் நின்றது.

2011 சுனாமியில் சிதைந்த ஜப்பானின் ஒனகாவாவில் சமநிலம் அரிதாக இருந்தது. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் பேஸ்பால் மைதானம் ஒன்றில் 20 அடிப் பெட்டகங்களை மூன்று மாடி வரை சதுரங்கக் கட்டம்போல் இடைவிட்டு அடுக்கி 189 குடும்பங்களுக்கு இடமளித்தார். பெட்டிகளுக்கிடையே விடப்பட்ட வெளியே கண்ணாடியிட்ட கூடமாயிற்று. எட்டடியின் நெருக்கடிக்கு இதைவிட நயமான விடை அரிது.

இங்கிலாந்திலோ, வீடற்ற குடும்பங்களை உள்ளாட்சிகள் பெட்டக வீடுகளில் தற்காலிகமாகத் தங்கவைத்தபோது, அவை கோடையில் தாங்கவியலாத அளவு சூடேறுவதையும் குழந்தைகளுக்கு விளையாட இடமின்மையையும் குழந்தைகள் ஆணையர் 2019இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. தனியாக வாழும் மாணவருக்குப் போதிய அதே எட்டடி, அங்கே தாயும் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டிய அகலமாக இருந்தது.