குறி பார்க்கும் குழல்

துப்பாக்கியின் மேல் சிறியதொரு தொலைநோக்கிக் குழலைப் பொருத்திக் குறி பார்க்கும் வழக்கம் இன்று எல்லா நாட்டுப் படைகளிலும் உண்டு. சுடுபோட்டிக் களங்களிலும் காண்கிறோம். அக்குழலைப் படைவீரனோ வேட்டைக்காரனோ கண்டுபிடித்திருப்பான் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. வானத்தை அளந்தவர்களிடமும் நிலத்தை அளந்தவர்களிடமும் துப்பாக்கிக்காரர் இரவல் வாங்கிய பொருள் அது. அந்த நில அளவையின் வரலாற்றில் முதன்மையான ஓர் அதிகாரம், எங்கள் காடாம்புலியூருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டர் அளவில், கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் எழுதப்பட்டது. தேவநாதப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் பல்லாயிரவர். அவருள் இச்செய்தி அறிந்தோர் மிகச் சிலரே.

முதலில் குழலின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். வெறும் தொலைநோக்கி தொலைவிலுள்ளதை அருகில் காட்டும். ஆனால் எந்தப் புள்ளியை நோக்குகிறோம் என்று திட்டமாகச் சொல்லாது. ஏறத்தாழ 1640ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்னும் இளைஞர், குழலுக்குள்ளே உருவம் விழும் இடத்தில் மெல்லிய இழையொன்றை நிறுத்தினால், பொருளும் இழையும் ஒருங்கே தெளிவாகத் தெரியும் என்று கண்டார். குழலுக்குள் சிலந்தி இழுத்துவிட்ட நூலே அவருக்கு அதைக் கற்பித்தது என்பர். 1644இல் மார்ஸ்டன் மூர்ப் போரில் அவர் மாண்டார். அவர் கண்ட குறுக்கிழை மாளவில்லை. இரண்டு இழைகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் குறியின்மீது வைப்பதே அன்றும் இன்றும் முறை. துப்பாக்கியின் மேல் அக்குழல் உருப்படியாக ஏறுவதற்கு மேலும் இருநூறு ஆண்டு சென்றது.

இனித் திருவந்திபுரத்துக்கு வருவோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கர்னல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே கடலூர் வரை தொடுத்துச் சென்றார். அவருக்கு வேண்டிய கருவிகள் வந்த கதையே ஒரு புராணம். நூறடிச் சங்கிலியும், வானுச்சியை நோக்கி விண்மீனைக் குறிபார்க்கும் ஐந்தடி ஆரக் கருவியும் சீனப் பேரரசருக்கென அனுப்பப்பட்டவை. அவர் விரும்பாமையால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டை இலண்டனில் கேரி என்பவர் செய்தார். வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோயினர். அங்கிருந்த ஆளுநர் கருவி இன்னதென்று அறிந்து, மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். பகைவனின் அறிவை மதிக்கும் பண்பு அக்காலத்தில் இருந்தது என்பதை இடையே சொல்லி வைக்கிறேன்.

அந்தத் தியோடலைட்டின் எடை ஏறத்தாழ அரை டன். கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். இவ்வளவு பெரிதை லாம்ப்டன் வேண்டியது ஏன்? உருவத்தைப் பெரிதாகக் காட்டவேண்டும் என்பதற்காக அன்று. வட்டம் பெரிதானால் அதன் விளிம்பில் கோடுகளை நுண்ணிதாகக் கீறலாம். குழல் திரும்பிய கோணத்தை விகலைக் கணக்கில் படிக்கலாம். துப்பாக்கிக் குழல் தேர்ந்தெடுப்போர் இங்கேதான் தடுமாறுகின்றனர். இருபது மடங்கு பெருக்கும் குழல் நான்கு மடங்கு குழலைவிட மேலானது என்று கருதுகின்றனர். பெருக்கம் மிகுந்தால் கையின் நடுக்கமும் பெருகும், பார்வைக் களம் குறுகும், ஒளியும் மங்கும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42 மில்லிமீட்டர் வில்லையை ஆறு மடங்கில் வைத்தால் 7 மில்லிமீட்டர். அந்திப் பொழுதில் விரிந்த கருவிழிக்கு அது போதும். அதே வில்லையை இருபது மடங்குக்குக் கொண்டுபோனால் இரண்டு மில்லிமீட்டரே எஞ்சும்.

தேர்ந்தெடுப்பதிலும் கடினமானது பொருத்துவது. குழல் எதன்மேல் உட்காருகிறதோ அது அசையலாகாது. லாம்ப்டன் தம் கருவியைக் கிடைமட்டம் பார்த்து நிறுத்தினார்; குறுக்கிழையின் நோக்கு, குழலின் அச்சோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது நில அளவையின் முதற்பாடம். குழலைக் கவிழ்த்துத் திருப்பி அதே பொருளை மறுபடியும் நோக்குவார்கள்; இழை விலகி நின்றால் பிழை வெளிப்பட்டுவிடும். துப்பாக்கியிலும் இதுவே நெறி. குழலைப் பிடிக்கும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். திருகாணிகளை ஒருபுறமே முறுக்காமல் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். நிற்கும் இழை சாய்ந்திருந்தால், தொலைவு கூடக்கூடக் குண்டு பக்கவாட்டில் விலகும். கண்ணுக்கும் குழலுக்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி வேண்டும்; இல்லையேல் துப்பாக்கி பின்னுதைக்கும்போது குழலின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். பிறகு நூறு கஜத்தில் சில குண்டுகளைச் சுட்டு, அவை விழுந்த இடத்துக்கு இழையைத் திருகிக் கொண்டுவருவார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை, நூறு கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். நில அளவைக்காரரின் கோண அளவே துப்பாக்கிக்காரரின் அளவுமாயிற்று.

இத்தனை சோதனையும் எதற்காக என்று கேட்பீர்கள். திருவந்திபுரத்தில் விண்மீனை நோக்கி லாம்ப்டன் கண்ட அட்சரேகை 11 பாகை 44 கலை 52 விகலை. வடக்கே பாடிரி என்று அவர் குறித்த நிலையத்தின் அட்சரேகை 13 பாகை 19 கலை 49 விகலை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தின் நீளத்தை முக்கோணங்கள் கொடுத்தன. வகுத்துப் பார்த்தால் ஒரு பாகைக்கு 60,494 பாகம், அதாவது மீகாமர் கணக்கில் ஆறடி கொண்ட அளவு. மைல் கணக்கில் அறுபத்தெட்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. இன்று செயற்கைக் கோள்களைக் கொண்டு கண்ட நீளத்தோடு ஒப்பிட்டால் வேற்றுமை ஐம்பது அடிக்கும் குறைவாகவே இருக்கிறது. கொடியைக் கட்டி, வெயிலின் கானலூடே குழலில் நோக்கி, இவ்வளவு செய்தார்கள்! பூமியின் உருவம் என்ன என்ற கேள்விக்கு நம் கடலூர்ச் சீமை கொடுத்த விடை அது.

1808இல் பேரிடி விழுந்தது. தஞ்சாவூரில் கோயில் கோபுரம் ஒன்றின் உச்சிக்குத் தியோடலைட்டைக் கயிற்றால் ஏற்றினார்கள். விலகாமல் இழுத்துப்பிடித்த கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதியது. சேதம் பெரிதும் சேர்ந்தது குழலைத் தாங்கி நின்ற வட்டத்துக்கு; அது வடிவம் குலைந்தது. வட்டம் வட்டமாக இல்லாவிட்டால் எத்துணை நல்ல வில்லையானாலும் பயனில்லை. அடுத்த கருவி கடல் கடந்து வரப் பல மாதங்கள் ஆகும். லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். படைக்கலச் சாலையின் தலைமைக் கம்மியரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை முற்றும் பிரித்தார். தட்டையான பெரும் பலகையில், வட்டம் இருக்கவேண்டிய அளவை வெட்டி, ஆப்பாலும் திருகாலும் கப்பியாலும் விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதில் பொருத்தினார். வளைந்த ஆரங்களை மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கு வந்தது. 1823இல் இங்கன்காட்டில் அவர் இறக்கும்வரை அளவை நிற்கவில்லை. அந்தக் கம்மியர்களின் பெயர் எங்கும் குறிக்கப்படவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

ஆனால் ஒருவர் பெயர் நிலைத்தது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன் சென்னையில் ஒரு நகை வணிகரிடம் வேலை பார்த்தவர். அவருடைய கைத்திறனைச் சர்வேயர் ஜெனரல் பிளாக்கர் கண்டு அழைத்துக்கொண்டார். பின்பு எவரெஸ்ட் காலத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த கருவியாளர் ஹென்றி பாரோவோடு உழைத்து, அளவு வட்டங்களில் கோடு கீறும் நுண்பணியைக் கற்றார். பாரோ விலகியபின் 1843இல் கருவியாளர் பதவி அவருக்கே கிடைத்தது. பொன்னைத் தேய்த்த கை பூமியின் வளைவைப் பிரித்தது. லாம்ப்டனின் பழைய தியோடலைட்டும் கல்கத்தாவில் புதுப்பிக்கப்பட்டு மேலும் உழைத்தது.

கருவியைப் பேணுவதில் ஆர்க்காட்டாருக்குத் தெரிந்தது இன்றைக்கும் மாறவில்லை. வில்லையில் படிந்த தூசியைத் துணியால் அழுத்தித் துடைக்கலாகாது. துகள் கண்ணாடியைக் கீறும். மெல்லிய தூரிகையால் முதலில் தூசியை நீக்கவேண்டும், பிறகே ஈரம். எங்கள் கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. மூடிய உறையில் மாதக்கணக்கில் வைத்த குழலின் வில்லையில் பூஞ்சணம் வேர்விடும்; உலர்த்தும் சிலிக்காப் பொட்டலத்தோடு பெட்டியில் வைப்பது நலம். திருகாணிகளை அவ்வப்போது சோதிக்கவேண்டும். கீழே விழுந்த குழலை, வெளியே வடுவில்லை என்று நம்பிவிடாமல், மறுபடியும் சுட்டுப் பார்க்கவேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. உரிமம் பெற்ற போட்டிக்காரரும் காவலரும் படைவீரருமே இக்குழலுக்கு உரியவர். அவர்களுக்கு வேண்டிய நோக்குக் கருவிகளைச் செய்யும் டேராடூன் தொழிற்சாலை 1943இல் தோன்றியது. கல்கத்தாவில் 1830இல் தொடங்கிய நில அளவைக் கருவிக்கூடத்தின் ஒரு பகுதி போர்க்காலத்தில் அங்கே பெயர்ந்ததன் விளைவு அது. மொஹ்சின் உசேன் கருவியாளராக இருந்த கூடம் அதுவே. 36 அங்குல வட்டமுள்ள தியோடலைட்டும் அதே டேராடூனில், இந்திய நில அளவைத் துறையின் காவலில் இருக்கிறது.