பச்சைத் துணியும் பன்னிரண்டடி மேசையும்

தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் தொழிற்சாலையையும் பங்களாவையும் லயத்தையும் பற்றி எழுதுகின்றனர். துரைமார் மாலை வேளைகளில் கூடிய கிளப்பைப் பற்றி எழுதுவோர் சிலரே. அக்கிளப்பின் நடுவே கிடந்த மேசையைப் பற்றியோ எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஒரு பொருளின் வயிற்றைத் திறந்து பார்த்தால், அதைச் செய்த உலகம் முழுவதும் அதனுள் இருக்கக் காணலாம்.

ஸ்னூக்கர் ஆட்டம் இங்கிலாந்தில் பிறந்ததன்று. 1875இல் ஜபல்பூரில் தங்கியிருந்த ஆங்கிலப் படையின் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லேன், பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை உருவாக்கினார். 1882இல் உதகமண்டலம் கிளப்பில் இதன் விதிகள் எழுதப்பட்டன. நீலகிரியாயினும் நுவரெலியாவாயினும், குளிர்மலையைத் தேடி ஏறிய ஆட்சியாளர் தமது ஆட்டத்தையும் உடன் கொண்டே ஏறினர். நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இல் தோன்றியது.

அம்மேசையின் அமைப்பை நோக்குவோம். மேலே தெரிவது பச்சை நிறக் கம்பளித் துணி; அதன் கீழே கிடப்பது கல். ஆதியில் அடித்தளம் மரத்தாலானது. ஈரத்தில் மரம் வளையும். வளைந்த தளத்தில் பந்து நேராய் ஓடாது. எனவே 1826இல் லண்டனைச் சேர்ந்த ஜான் தர்ஸ்டன் சிலேட்டுக் கல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஐந்து கற்பலகைகளை அருகருகே வைத்து, இணைப்புகளை அடைத்துத் தேய்த்து, நீர்மட்டம் பார்த்துச் சமன் செய்வர். எட்டுக் கால்களின் மீது நிற்கும் முழு மேசையின் பாரம் ஏறத்தாழ ஒன்றரைத் தொன்.

ஓரத்துக்கு முதலில் துணித் திணிப்பு இருந்தது. 1835இல் தர்ஸ்டன் இறப்பரைப் புகுத்தினார். குளிரில் அந்த இறப்பர் விறைத்துப் பந்தைத் திருப்பியனுப்ப மறுத்தது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இறப்பர் வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது. பந்தோ தந்தத்தாலானது. ஒரு கொம்பிலிருந்து நல்ல பந்துகள் சிலவே தேறும். ஆகவே ஆட்டம் பெருகப் பெருக யானைகள் மடிந்தன. 1869இல் அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயற் செலுலாயிட் பந்துக்கு வழி கண்டார். யானையிடம் கொண்ட இரக்கத்தினும் தந்தத்தின் விலையே இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது.

இத்தகைய சிலேட்டுக் கல்லின் தாயகம் வேல்ஸ் நாடு. அந்நாட்டின் பென்றின் சுரங்கத் தொழிலாளர் 1900 முதல் 1903 வரை தம் சங்க உரிமைக்காகப் போராடித் தோல்வியுற்றனர். அச்சுரங்கத்தின் உடைமைக் குடும்பம் ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் பொருள் சேர்த்த குடும்பமாகும். கல் உடைத்தவனும் கொழுந்து பறித்தவளும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவர் உழைப்பையும் ஒரே கணக்குப் புத்தகம் ஏற்றுக்கொண்டது.

இனி அளவைப் பார்ப்போம். மேசை நீளம் 12 அடி, அகலம் 6 அடி. கோலை வீசி ஆட இடம் வேண்டுமாதலால் அறை ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி இருத்தல் வேண்டும். அதாவது 352 சதுர அடி. நம் தலவாக்கலைத் தோட்டங்களில் ஒரு குடும்பம் பிறந்து, சமைத்து, படுத்து, இறந்த லயக் காம்பராவோ 12 அடிக்கு 10 அடி; 120 சதுர அடி. ஒரு மேசையின் வசதிக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் மூன்று குடும்பங்களை அடக்கிக் கட்டினர். மேசையின் துணி ஈரமாகாதிருக்கக் கவலைப்பட்டவர்களுக்கு லயத்தின் ஒழுகும் தகரம் கண்ணில் படவில்லை. இதனைத் தனிமனிதரின் கொடுமையென்று மட்டும் கூறி நாம் அமைந்துவிட முடியாது. எதற்கு எவ்வளவு இடம் என்பதை உடைமையே தீர்மானித்தது.

1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்சும், 1973இல் பம்பாயில் நம் நாட்டு எம். ஜே. எம். லாபிரும் பில்லியர்ட்ஸ் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றனர். கிளப்பின் கதவு திறந்த இடத்தில் ஆட்டம் எல்லோருக்கும் வசப்பட்டது. ஆட்டத்தின் மீது நமக்குப் பகையில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமார் போயினர். லயங்கள் போகவில்லை. மாணவர்கள் ஓர் அளவுநாடாவை எடுத்துச் சென்று தாம் வாழும் காம்பராவை அளந்து பார்க்கட்டும். வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.