ஏழு பகோடாக்கள்: ஆங்கில எழுத்துகளில் மாமல்லபுரம்

மாமல்லபுரத்தின் பல்லவர் காலச் சிற்பங்களையும் கோயில்களையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. இந்தியக் கலையின் தனித்தன்மையை ஆங்கிலேயர் எவ்வாறு சொல்லப் பழகினர் என்பதை அறிய இவை முதன்மையான சான்றுகள். கடலோடிகளின் பெயரில் தொடங்கி, தொன்மக்கதை, அளவீடு, கவிதை, கல்வெட்டு வாசிப்பு, கட்டடக்கலை வரலாறு என இந்த எழுத்து பல நிலைகளைக் கடந்தது. ஒவ்வொரு நிலையிலும் இவ்வூரின் ஒரு பகுதி துலங்கியது, இன்னொரு பகுதி மறைந்தது. அன்று இடப்பட்ட பெயர்களில் பல இன்றும் வழக்கில் உள்ளன.

இடமும் வழியும்

சென்னைக்குத் தெற்கே கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்கள் ஒரே கடற்கரையில் அமைந்துள்ளன. கிழக்கே வங்கக்கடலும் மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் உள்ள குறுகிய மணல்நிலம் இது. கோவளத்துக் கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர்களின் வணிகத்தளமாக இருந்தது. சென்னையிலிருந்து கடற்கரை வழியே மாமல்லபுரம் சென்ற ஆங்கிலேயர்கள் நெம்மேலி போன்ற சிற்றூர்களைக் கடந்தே சென்றனர். ஆனால் கோட்டையும் துறைமுகமும் உள்ள ஊர்களே அவர்களின் அடையாளக் குறிகளாயின. முதல் விரிவான ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பே மாமல்லபுரத்தை 'சதுரங்கப்பட்டினத்துக்குச் சில மைல் வடக்கே உள்ள இடம்' என்றுதான் அறிமுகம் செய்கிறது.

கடலோடிகள் இவ்வூரை 'ஏழு பகோடாக்கள்' என்றனர். பகோடா என்பது போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கீழை நாடுகளின் கோயில் எதையும் அது குறித்தது. சென்னையில் வழங்கிய வராகன் என்னும் பொற்காசுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரை வைத்திருந்தனர். கரையை அடையாளம் காண வேண்டிய மாலுமிக்கு இந்தப் பெயர் போதுமானதாக இருந்தது. கோயில் யாருக்குரியது, எந்தக் காலத்தது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. தமிழில் இவ்வூர் திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லை. வைணவத் திவ்யதேசங்களுள் ஒன்று. இப்பெயர் தொடக்கக்கால ஆங்கில எழுத்துகளில் இடம்பெறவில்லை.

சேம்பர்ஸ்: நினைவும் தொன்மமும்

வில்லியம் சேம்பர்ஸ் 1772-லும் 1776-லும் மாமல்லபுரத்தைப் பார்த்தவர். பின்னர் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் பாரசீக மொழிபெயர்ப்பாளராக இருந்தார். இதே பெயருடைய புகழ்பெற்ற லண்டன் கட்டடக்கலைஞர் வேறொருவர். சேம்பர்ஸின் கட்டுரை ஆசியக் கழகத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் 1788-ல் வெளியானது. அவர் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார்.

ஊரார் கூறிய இரு கதைகள் தொடக்கக்கால ஆங்கில எழுத்துகளில் பதிவாயின. முதல் கதையில் ஒரு மன்னன் தேவலோகம் சென்று வந்து, தன் நகரை அதற்கு இணையாக அழகுபடுத்துகிறான். பொறாமை கொண்ட தேவர்கள் கடலை ஏவி அந்நகரை மூழ்கடிக்கிறார்கள். இரண்டாவது கதை சில சிற்பங்கள் முடிவடையாமல் நிற்பதற்கு விளக்கம் தருகிறது. வடநாட்டு அரசன் ஒருவனுக்கு அஞ்சி ஓடிவந்த சிற்பிகள் இங்கே பணி செய்தனர் என்றும், அவன் திரும்ப அழைத்துக்கொண்டதால் வேலையைப் பாதியில் விட்டுச் சென்றனர் என்றும் அக்கதை கூறுகிறது. கடலுக்குள் செம்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் சூரிய உதயத்தில் மின்னியதை ஊர்ப் பெரியவர்கள் கண்டதாகச் சொன்னதையும் சேம்பர்ஸ் எழுதினார்.

இங்குள்ள கல்வெட்டு எழுத்தை அங்கிருந்தவர்களால் படிக்க முடியவில்லை என்பதும் அவர் கவனித்த ஒன்று. ஆகவே ஊரின் வரலாற்றைச் சொல்ல அவரிடம் வாய்மொழிக் கதைகளே இருந்தன.

கோல்டிங்காம், டேனியல்: அளவும் காட்சியும்

சென்னை வானாய்வுக்கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் எழுதிய கட்டுரை அதே இதழின் ஐந்தாம் தொகுதியில் 1798-ல் வந்தது. அவர் நேரில் அளந்து, ஒவ்வொரு பாறையிலும் உள்ள உருவங்களை வரிசையாகக் குறிப்பிட்டார். வியப்பைக் குறைத்து விவரத்தைக் கூட்டிய எழுத்து அது.

ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் உறவினர் வில்லியம் டேனியலும் 1792-93-ல் தென்னிந்தியாவில் பயணம் செய்து மாமல்லபுரத்தை வரைந்தனர். அக்கால ஆங்கில ரசனையை இரு சொற்கள் ஆண்டன. எட்மண்ட் பர்க் 1757-ல் விளக்கிய 'சப்லைம்' என்பது அச்சம் கலந்த பிரம்மாண்ட உணர்வைக் குறித்தது. 'பிக்சரெஸ்க்' என்பது சிதைவும் தாவரமும் வெளிச்சமும் சேர்ந்து ஓவியமாகத் தகுந்த காட்சியைக் குறித்தது. பாறையும் அலையும் மணலில் புதைந்த மண்டபமும் உள்ள மாமல்லபுரம் இரண்டுக்கும் பொருந்தியது. இந்தச் சொற்கள் பார்ப்பவரின் உணர்வைத் துல்லியமாகச் சொல்லின. பார்க்கப்படும் பொருளின் இலக்கணத்தைப் பற்றி அவை குறைவாகவே சொல்லின.

சதேயும் ஹீபரும்

சேம்பர்ஸ் பதிவு செய்த மூழ்கிய நகரின் கதையை ராபர்ட் சதே 1810-ல் வெளியிட்ட 'கெஹாமாவின் சாபம்' என்னும் நெடுங்கவிதையில் பயன்படுத்தினார். சதே இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆயினும் பலியின் நகரம் அலைகளுக்கடியில் கிடக்கிறது என்ற படிமம் அவர் வழியாகவே ஆங்கில வாசகர்களிடம் பரவியது. அதன்பின் வந்த பயணிகள் சிலர் கவிதையை மனத்தில் வைத்துக்கொண்டே கடற்கரையைப் பார்த்தனர்.

கல்கத்தாவின் ஆயர் ரெஜினால்ட் ஹீபர் 1826-ல் இங்கு வந்தார். சில வாரங்களில் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். அவரது பயணநூல் 1828-ல் வெளியானது. கவிதையின் நினைவோடு வந்த ஹீபர் ஒரு நல்ல அவதானிப்பையும் விட்டுச் சென்றார். சோழமண்டலக் கரையின் பல இடங்களில் கடல் பின்வாங்குவதுபோலத் தோன்ற, இந்த ஓரிடத்தில் மட்டும் நிலத்துக்குள் வந்திருக்கிறது என்றும், அலைகளுக்கு நடுவே நிற்கும் தூணும் கட்டட எச்சங்களும் அதற்குச் சான்று என்றும் அவர் குறித்தார்.

இக்கேள்வி பின்னாளில் அறிவியல் ஆய்வுக்கும் உரியதாயிற்று. 2002-ல் இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழுவும் கடலடியில் ஆராய்ந்து, செதுக்கப்பட்ட கற்களையும் சுவர் எச்சங்களையும் கண்டன. 2004-ன் ஆழிப்பேரலை கரை மணலை அரித்தபின் சாளுவன்குப்பத்தில் ஒரு முருகன் கோயிலின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பல்லவர் காலக் கோயிலுக்கு அடியில் அதற்கு முந்தைய செங்கல் கட்டுமானமும் இருந்தது. கடலும் மணலும் கட்டடங்களை விழுங்கியது உண்மை என்பது இவற்றால் தெளிவாகிறது. கோயில்கள் ஏழு என்னும் எண்ணிக்கை மட்டும் இதுவரை நிறுவப்படவில்லை.

பாபிங்டன்: எழுத்தைப் படித்தவர்

சென்னை நிர்வாகப் பணியில் இருந்த பெஞ்சமின் கை பாபிங்டன் தமிழ் கற்றவர். வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தையும் பரமார்த்த குரு கதையையும் 1822-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1828-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் படிக்கப்பட்ட அவரது கட்டுரை, மாமல்லபுரம் பற்றிய ஆங்கில எழுத்தில் ஒரு திருப்புமுனை. யாராலும் படிக்க முடியாததாகச் சேம்பர்ஸ் குறிப்பிட்ட எழுத்தைப் பழைய கிரந்த வடிவமாக அறிந்து அவர் வாசித்தார். மகாபலியுடன் ஊரை இணைக்கும் பெயர் கல்வெட்டில் இல்லை என்று காட்டி, கல்வெட்டின் அடிப்படையில் 'மகாமலைபுரம்' என்ற வடிவத்தை முன்வைத்தார்.

இதன்பின் இக்கோயில்களைத் தாமே தம்மைப் பற்றிச் சொல்லும் சான்றுகளாகக் கொள்ள முடிந்தது. தர்மராஜ ரதம் எனப்படும் கோயில் தன்னை 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்' என்று கல்வெட்டில் அறிவிக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி இவ்வாசிப்பை முறைப்படுத்தியது.

ராம் ராஸும் பெர்குசனும்

தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் எழுதிய 'இந்துக்களின் கட்டடக்கலை' என்னும் ஆங்கில நூல் 1834-ல், அவர் மறைவுக்குப் பின், லண்டனில் வெளியானது. சிற்ப நூல்களையும் தொழில்செய்யும் சிற்பிகளின் அறிவையும் கொண்டு, விமானத்தின் உறுப்புகளை அவற்றுக்குரிய பெயர்களாலேயே அவர் விளக்கினார். ஒரு கலையின் தனித்தன்மையை அக்கலையின் சொற்களாலேயே ஆங்கிலத்தில் சொல்லலாம் என்பதற்கு இந்நூல் முன்னோடி.

வங்காளத்தில் அவுரி வணிகம் செய்து பின் கட்டடக்கலை வரலாற்றாசிரியரான ஜேம்ஸ் பெர்குசன் வேறு வழியில் சென்றார். நூல்களைவிடக் கட்டடத்தின் வடிவமே நம்பத்தக்க ஆவணம் என்பது அவர் கொள்கை. ஐந்து ரதங்கள் மரத்தாலும் கூரையாலும் ஆன பழைய கட்டடங்களின் கல் வடிவங்கள் என்று அவர் கண்டது முக்கியமானது. திரௌபதி ரதம் கூரைக்குடிசையையும், பீம ரதம் வண்டிக்கூடு போன்ற கூரையுடைய நீள்மண்டபத்தையும் கல்லில் வைத்திருக்கின்றன. எனினும் கண்ணை மட்டும் நம்பியதால் காலக்கணிப்பில் அவர் தவறினார். இவற்றை முதலில் மிகப் பிற்காலத்தவையாகக் கருதி, பின்னர் 1880-ல் பர்ஜெஸுடன் எழுதிய 'இந்தியாவின் குகைக்கோயில்கள்' நூலில் முற்காலத்துக்கு நகர்த்தினார்.

இதற்கிடையே, 1869-ல் கேப்டன் மார்க் வில்லியம் கார் அதுவரை வந்த கட்டுரைகளைத் தொகுத்துச் சென்னையில் வெளியிட்டார். ஒரே ஊரைப் பற்றிய முரண்பட்ட வருணனைகளை அருகருகே வைத்துப் படிக்க அத்தொகுப்பு வாய்ப்பளித்தது.

சொற்களின் விளைவு

'தவம்' என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'பெனன்ஸ்' என்ற சொல், செய்த பாவத்துக்காக வருந்தி ஏற்கும் தண்டனையைக் குறிப்பது. அர்ச்சுனன் தபசு என்னும் புடைப்புச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் எந்தப் பாவத்துக்கும் கழுவாய் தேடவில்லை. வரம் வேண்டி நிற்கிறார். இச்சிற்பம் கங்கையின் வருகையைக் காட்டுவது என்ற விளக்கத்தை 1914-ல் விக்டர் கொலுபேவ் முன்வைத்தார். அவ்விளக்கத்திலும் அவர் தவம் செய்பவரே. பகீரதன் என்பதே வேறுபாடு.

'கேவ்' என்ற சொல் இயற்கைக் குகையையும் உளியால் அகழ்ந்த மண்டபத்தையும் வேறுபடுத்துவதில்லை. தமிழில் 'குடைவரை' என்ற சொல்லிலேயே மனித உழைப்பு இருக்கிறது. சாளுவன்குப்பத்து 'டைகர் கேவ்' இரு வகையிலும் பொருந்தாத பெயர். அதன் முகப்பைச் சுற்றியுள்ளவை யாளித் தலைகள். அது குகையுமல்ல, பாறையில் செதுக்கிய மேடை மண்டபம். 'புலிக்குகை' என்ற பெயர் தமிழிலும் நிலைத்துவிட்டது.

மதிப்பீடு

ஆங்கில எழுத்தாளர்கள் மாமல்லபுரத்தின் தனித்தன்மையை முதலில் தங்களுக்குத் தெரிந்த உணர்வுகளாலும் ஒப்பீடுகளாலும் சொல்ல முயன்றனர். அவர்கள் பதிவு செய்திராவிட்டால் வாய்மொழிக் கதைகள் சில அழிந்திருக்கும். கடலரிப்பு பற்றிய பழைய சாட்சியமும் கிடைத்திருக்காது. ஆனால் அவர்களின் எழுத்து ஊரைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது பாபிங்டனைப் போல எழுத்தைக் கற்றபோதும், ராம் ராஸைப் போலச் சிற்பியின் சொல்லை ஏற்றபோதும்தான்.

யார் எதைக் கட்டினார் என்ற விவாதம் முடியவில்லை. பெரும்பாலானவை மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தவை என்ற பொதுக்கருத்துக்கு மாறாக, அனைத்தும் ராஜசிம்மனின் படைப்புகள் என்று இரா. நாகசாமி 1962-ல் வாதிட்டார். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டபோது பதிவான பெயர் 'மகாபலிபுரம்'. கல்வெட்டில் இல்லை என்று பாபிங்டன் காட்டி ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் பலியின் பெயர் நீடித்தது. ஊரின் அலுவல்பெயர் இன்று மாமல்லபுரம்.