இராட்டினத்தை இயக்கிய கை: களியாட்ட இயந்திர விபத்துகளும் மக்கள் எதிர்வினையும் – ஒரு வரலாற்று நோக்கு

விபத்துகளின் வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கைகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. இறந்தோர் எத்தனை பேர், காயமுற்றோர் எத்தனை பேர், இழப்பு எவ்வளவு என்பன பதியப்படுகின்றன. விபத்தின் பின் மக்கள் யாது கேட்டனர், யாரை நோக்கிக் கேட்டனர், அக்கேள்வி எத்தனை நாள் நிலைத்தது என்பன பதியப்படுவது அரிது. ஆயினும், பாதுகாப்புச் சட்டங்களின் வளர்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு இவையே பெரிதும் வேண்டப்படுவன. மிக அரிதாக நிகழ்ந்தும் பெருங் கொந்தளிப்பை உண்டாக்கும் களியாட்ட இயந்திர விபத்துகள் இதனைத் தெளிவாகக் காட்டவல்லன.

ஏறாவூரும் அதன் அயலூர்களும் அடங்கிய மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திலே சித்திரைப் புத்தாண்டுக்கு மரக்கிளையில் ஊஞ்சல் கட்டி ஆடுவது பழைய வழக்கு. சிங்களக் கிராமங்களில் அதே காலத்தில் மரத்தாலான ‘கத்துரு ஒஞ்சில்லா’ என்னும் சுழல் ஊஞ்சலை அமைப்பர். இவற்றிலும் ஆபத்து உண்டு. ஆனால் கயிற்றைக் கட்டியவர் யார், கிளையைத் தெரிந்தெடுத்தவர் யார், முதலில் ஏறி ஆடிப் பார்த்தவர் யார் என்பதை ஊரார் அறிவர். கயிறு நைந்திருப்பின் அது எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும். பெருநாட் காலத்திலும் கோயில் திருவிழாக் காலத்திலும் வெளியூரிலிருந்து வந்திறங்கும் இரும்பு இராட்டினம் இத்தகையதன்று. அதன் அச்சாணி எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும் தந்தை அறியார். அறிவதற்கு அவருக்கு வழியும் இல்லை. அவர் செலுத்தும் கட்டணத்துடன் தம் பிள்ளையின் உயிரைப் பற்றிய தீர்மானத்தையும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கின்றார். இவ்வொப்படைப்பே விபத்தின் பின் எழும் சினத்தின் ஊற்றுக்கண் எனலாம்.

இயந்திரக் களியாட்டத்தின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலையும் புகையிரதமும் வளர்த்தெடுத்த பொறியியல் அறிவு பொழுதுபோக்குத் துறையினுட் புகுந்தது. 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லா மார்க்கஸ் தொம்சன் என்பார் மேடு பள்ளமான தண்டவாளத்தில் மக்களை ஏற்றிச் செல்லும் ஊர்தியை அமைத்தார். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய ஆறு மைல் மட்டுமே. 1893ஆம் ஆண்டில் சிக்காகோ உலகக் கண்காட்சியில் ஜோர்ஜ் பெரிஸ் என்ற பொறியியலாளர் 264 அடி உயரமும் 36 பெட்டிகளும் கொண்ட பெரும் இராட்டினத்தை நிறுவினார். இன்று திருவிழாத் திடல்களிற் காணப்படும் இராட்டினங்கள் அதன் வழித்தோன்றல்களே.

வேகமும் உயரமும் கூடக்கூட, அச்சத்தை விற்பனை செய்வோர் ஆபத்தை விலக்கியாக வேண்டிய நிலை ஏற்பட்டது. ஜோன் மில்லர் என்ற அமெரிக்கர் 1910ஆம் ஆண்டளவில், மேலேறும் ஊர்தி பின்னோக்கி உருளாது தடுக்கும் பற்கொளுவி அமைப்பை உருவாக்கினார். ரோலர் கோஸ்டர் மேலேறும்போது எழும் ‘கடகட’ என்னும் ஓசை இத்தகைய தடுப்பினுடையதே. ஏறியிருப்போருக்கு அவ்வோசை நடுக்கத்தைத் தருகின்றது. உண்மையில் அது அவர்களைக் காக்கும் ஓசையாகும்.

பட்டர்சீயும் 1974ஆம் ஆண்டுச் சட்டமும்

மில்லர் வகுத்த தடுப்புமுறை அறுபது ஆண்டுப் பழைமை எய்திய பின்னரும் அது இயங்காமற் போனால் யாது நிகழும் என்பதை இலண்டன் மாநகரம் கண்டது. 1951ஆம் ஆண்டின் பிரித்தானிய விழாவையொட்டி அமைக்கப்பட்ட பட்டர்சீ களியாட்டப் பூங்காவில், 1972 மே 30ஆந் திகதி, ‘பிக் டிப்பர்’ என்னும் ஊர்தித் தொடர் ஏற்றத்தில் இழுவையிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி உருண்டது. தடுத்திருக்க வேண்டிய அமைப்புத் தடுக்கவில்லை. ஐந்து சிறுவர்கள் உயிரிழந்தனர். பொறுப்பாளர்கள் மீது தொடரப்பட்ட மனிதக்கொலை வழக்கு அவர்களின் விடுதலையில் முடிந்தது. சில ஆண்டுகளுள் பூங்காவும் மூடப்பட்டது.

ஐந்து பிள்ளைகள் இறந்தும் ஒருவரும் குற்றவாளியல்லர் என்ற முடிவு பெற்றோருக்கு எவ்வளவு கொடியதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், தனி மனிதரின் குற்றத்தை நிறுவுவதற்கென வகுக்கப்பட்ட சட்டம், ஓர் அமைப்பின் நெடுநாள் அசட்டையை அளப்பதற்குப் போதியதன்று என்பதை இவ்வழக்குக் காட்டிற்று. அதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடைபெற்று வந்தது. 1970இல் நியமிக்கப்பட்ட றொபன்ஸ் குழு, தொழிலிடப் பாதுகாப்புப் பற்றி ஆராய்ந்து 1972இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழிப் பிறந்ததே 1974ஆம் ஆண்டின் சுகாதார, பாதுகாப்புச் சட்டம். இச்சட்டம் பட்டர்சீ விபத்தின் விளைவெனக் கூறுவது பொருந்தாது. ஆனால் தொழிலாளரை மட்டுமன்றி, ஒரு தொழில் முயற்சியினாற் பாதிக்கப்படக்கூடிய பொதுமக்களையும் காக்க வேண்டிய கடமையை அதன் மூன்றாம் பிரிவு தொழில் நடத்துவோர் மீது சுமத்தியது.

அப்பிரிவின் வலிமை நாற்பது ஆண்டுகளின் பின் தெரியவந்தது. 2015 யூன் 2ஆந் திகதி, இங்கிலாந்தின் அல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்ற ரோலர் கோஸ்டரின் பாதையில் வெற்று ஊர்தியொன்று நடுவழியில் நின்றுவிட்டது. கணினி பின்வந்த ஊர்தியை நிறுத்தியது. பாதையில் ஊர்தி எதுவுமில்லை எனக் கருதிய பணியாளர்கள் கணினியின் தடையை மீறி ஊர்தியை அனுப்பினர். மோதலில் 16 பேர் காயமுற்றனர். இளம் பெண்கள் இருவர் தத்தம் காலொன்றை இழந்தனர். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது பொத்தானை அழுத்தியவரின் தவறு. விசாரணையோ, அவருக்குத் தெளிவான பணிமுறையும் போதிய மேற்பார்வையும் வழங்கப்பட்டிருந்தனவா என்று கேட்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 செப்டெம்பரில் அதற்கு ஐம்பது இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. சினம், கையை விட்டு அமைப்பை நோக்கித் திரும்பியமை இங்குக் கவனிக்கத்தக்கது.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததும் இதனையே வலியுறுத்துகின்றது. 2016 ஒக்டோபர் 25ஆந் திகதி, குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் ட்ரீம்வேர்ல்ட் பூங்காவில் நீரோட்டச் சவாரியொன்றில் நால்வர் இறந்தனர். நீரிறைக்கும் பம்பி செயலிழந்ததால் நீர்மட்டம் தாழ்ந்து மிதவையொன்று சிக்கிக்கொள்ள, பின்வந்த மிதவை அதனுடன் மோதியது. அன்றைய தினத்திலேயே அப்பம்பி முன்னரும் இருமுறை செயலிழந்திருந்தது. நீர் தாழ்ந்ததும் தானாகவே சவாரியை நிறுத்தும் பொறியமைப்பு அங்கிருக்கவில்லை. அச்சவாரியில் அன்றுதான் முதன்முறையாகப் பணிக்கமர்த்தப்பட்ட பெண்ணொருவரும் இயக்குவோருள் இருந்தார். அவரைத் தண்டிப்பது எளிது. அதனால் அடுத்த மிதவை பாதுகாப்புப் பெற்றிருக்காது. 2020இல் நிறுவனத்துக்கு 36 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அரிதென்னும் வாதம்

இத்தகைய விபத்துகள் மிக அரியவை. மக்களின் கொந்தளிப்பு மிகையானது என்று தொழில்துறையினர் கூறுவதுண்டு. அமெரிக்காவின் நிலையான பூங்காக்களில் ஏறத்தாழ 155 இலட்சம் சவாரிகளுக்கு ஒன்றிலேயே ஒருவர் பாரதூரமான காயமடைகின்றார் என்பது அங்குள்ள தொழில்துறைச் சங்கம் தரும் கணக்கு. இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவ்வீதியிற் பயணித்தே இராட்டினத்திடம் செல்லும் ஒருவர் இராட்டினத்தை மட்டும் அஞ்சுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது போலத் தோன்றும்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் இரு குறைகளும் உண்டு. முதலாவது, அக்கணக்கு நிலையான பூங்காக்களுக்கு உரியது. ஊருக்கு ஊர் கழற்றிப் பூட்டப்படும் களியாட்ட இயந்திரங்களை அது உள்ளடக்கவில்லை. கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் ஆணிகளும் இணைப்புகளும் புதிதாகச் சோதிக்கப்பட வேண்டியன. இரண்டாவது, அருமை என்பது இயற்கையாக வந்த பேறன்று. பற்கொளுவிகளும் பரிசோதகர்களும் சட்டங்களும் சேர்ந்து உழைத்துப் பெற்ற பயன். அவ்வுழைப்பு நின்றால் அருமையும் நின்றுவிடும்.

பரிசோதனையும் பெயரளவிலானதாயின் பயன் தராது. 2017 யூலை 26ஆந் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் சுழல் இயந்திரமொன்றின் தாங்குகரம் முறிந்து இளைஞரொருவர் இறந்தார். அவ்வியந்திரம் பரிசோதகர்களின் பார்வையில் தேறியே இயங்கியது. கரத்தின் உட்புறத்தில் பரவியிருந்த துருவே முறிவுக்குக் காரணமென இயந்திரத்தைச் செய்த நிறுவனம் பின்னர் அறிவித்தது. வெளியே பூசிய வர்ணம் உள்ளிருந்த துருவை மறைத்தது. 2019இல் அம்மாநிலம் பரிசோதனை விதிகளைச் சட்டத்தால் இறுக்கியது. உவர்க்காற்று வீசும் கடற்கரைப் பிரதேசங்களுக்கு இச்செய்தி தனிச் சிறப்புடையது. இரும்பு விரைவில் துருவேறும் இடத்தில், கண்ணாற் பார்ப்பதுடன் அமையாது, உலோகத்தின் உள்ளீட்டை அறியும் சோதனைகளும் வேண்டப்படுகின்றன.

தமிழகமும் குஜராத்தும்

தமிழகத்தில் இத்துறை சென்னையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 2016 மே மாதத்தில், தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில் இயந்திரமொன்றின் சோதனை ஓட்டத்தின்போது பணியாளர் ஒருவர் இறந்தார். களியாட்ட விபத்தென்றால் பார்வையாளரையே எண்ணும் பொதுப்புத்தி, இயந்திரத்தை நாள்தோறும் நெருங்கி நிற்கும் தொழிலாளியை எளிதில் மறந்துவிடுகின்றது. 2025 மே மாத இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் பல மணி நேரம் சிக்கித் தீயணைப்புப் படையினரால் மீட்கப்பட்டனர். உயிரிழப்பு இல்லாத இந்நிகழ்ச்சி பெற்ற கவனத்தை, அத்தொழிலாளியின் மரணம் பெற்றதெனக் கூறவியலாது.

குஜராத்தின் அனுபவம் இன்னுங் கசப்பானது. 2019 யூலை 14ஆந் திகதி அகமதாபாத்தின் கங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் இயந்திரமொன்று முறிந்து இருவர் இறந்தனர். இயக்கிய நிறுவனத்தைச் சேர்ந்தோர் கைதாயினர். சினம் அக்கைதுகளுடன் ஆறிற்று. 2024 மே 25ஆந் திகதி, அதே மாநிலத்தின் ராஜ்கோட் நகரில் விளையாட்டு அரங்கொன்று தீப்பற்றி 27 பேர் மாண்டனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று அவ்வரங்குக்கு இருக்கவில்லை. ஒன்று இயந்திர முறிவு, மற்றது தீ. ஆயினும் ‘இவ்விடத்தைத் திறக்க அனுமதித்தவர் யார்?’ என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. ஐந்தாண்டுகளுக்கு முன் அக்கேள்வி இறுதிவரை கேட்கப்பட்டிருப்பின் பின்னையதைத் தவிர்த்திருக்கலாம் என எண்ண இடமுண்டு.

கிழக்கிலங்கைக்குரிய பாடம்

கிழக்கு மாகாணத்தில் மக்கள் இத்தகைய நம்பிக்கையை நெடுங்காலமாக ஒப்படைத்து வந்தது களியாட்ட இயந்திரத்திடமன்று, ‘பாதை’ என வழங்கும் மிதவைப் படகிடமே. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பாலங்கள் வருமுன் இணைத்தவை இப்பாதைகளே. மண்முனையில் 2014ஆம் ஆண்டிலேயே பாலம் திறக்கப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் புனரமைப்பு முடிவுறாத நிலையில், பாடசாலை மாணவர்களும் பாதையிலேயே கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை அது கவிழ்ந்தது. சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். மக்கள் வீதிக்கிறங்கினர், அரசியல்வாதி ஒருவரின் இல்லம் தாக்கப்பட்டது, படகுடன் தொடர்புடையோரும் பின்னர் நகர சபைத் தவிசாளரும் கைதாயினர், கடற்படையினர் படகுச் சேவையை ஏற்றனர்.

களியாட்டத்தை நாடிச் செல்பவன் விரும்பி ஏறுகின்றான். பாடசாலை செல்லும் பிள்ளைக்கு வேறு வழியில்லை. இவ்வேறுபாடு பெரிது. எனினும் கேள்வியின் வடிவம் ஒன்றே. படகைச் செலுத்தியவர் யார் என்பது இறுதிக் கேள்வி. பாலம் இல்லாத காலத்தில் எத்தகைய மிதவைக்கு, எத்தனை பேருக்கு, யாருடைய சோதனையின் பேரில் அனுமதி வழங்கப்பட்டது என்பதே முதற் கேள்வி. முதற் கேள்வியை விபத்துக்கு முன்னரே கேட்டிருக்க முடியும்.

களியாட்ட இயந்திரங்களைப் பொறுத்து அவ்வாறு கேட்பதற்கு உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு சிறப்பான கடப்பாடு உண்டு. 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின்படி நுழைவுக் கட்டணத்தின் மீது வரி அறவிடும் உரிமை அவற்றுக்கு உள்ளது. வரிக்காக நுழைவுச்சீட்டுகளை எண்ணும் மன்றம் இயந்திரத்தின் ஆணிகளையும் எண்ணுவிக்க வேண்டும். பூட்டப்பட்ட பின் தகுதிவாய்ந்த பொறியியலாளர் அதனைச் சோதித்தாரா, ஆளில்லாமலும் பின் மணல்மூட்டை ஏற்றியும் ஓட்டிப் பார்க்கப்பட்டதா, இயக்குபவர் பயிற்சி பெற்றவரா, அவசர நிறுத்தம் எங்கேயுள்ளது என்பதை அவர் அறிவாரா என்னும் வினாக்களுக்கு விடை எழுத்தில், திடலின் வாயிலில், யாவரும் வாசிக்கத்தக்கதாகத் தொங்கவிடப்படுமாயின், ஊஞ்சற் கயிற்றைக் கண்டறிந்த ஊராரின் பழைய உரிமை ஓரளவேனும் மீட்கப்படும்.

மக்களின் சினம் மிகையானது என இகழத்தக்கதன்று. ஏமாற்றப்பட்ட நம்பிக்கையின் குரல் அது. ஆனால் அச்சினம் இராட்டினத்தை இயக்கிய கையைப் பற்றியதும் அடங்கிவிடுமாயின், இயந்திரம் வர்ணம் பூசப்பட்டு அடுத்த ஊருக்குச் செல்லும். பிரித்தானியச் சட்டத்தின் வரலாறும் கிண்ணியாவின் துயரமும் உணர்த்துவது இதுவே.