மீனொடு வந்த நோய்: ஒரு வரலாற்று நோக்கு

மாளிகாவத்தைக் கடைகளில் 'செமன்' என்று கேட்பார்க்குத் தகரத்தில் அடைத்த மீன் கிடைக்கும். அது பெரும்பாலும் வேறு கடல்மீனே. பெயர் மட்டுமே சல்மனுடையது. மெய்யான சல்மனும் அதன் உறவினமாகிய ட்ரவுட்டும் குளிர்நீருக்கு உரியன. துரைமாரின் தூண்டில் விளையாட்டுக்கென 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாவுக்குக் கொணரப்பட்ட ட்ரவுட், முட்டைகளாகவே கப்பலேறி வந்தது. இச்சிறு செய்தியின் பொருளைக் கொப்புள நோயின் வரலாறு தெளிவாக்குகின்றது.

1894இல் எமரிக், வைபல் என்னும் ஜேர்மனிய அறிஞர் இருவர் ட்ரவுட் மீன்களைக் கொன்ற பற்றீரியா ஒன்றை விவரித்தனர். 'ஏரோமோனாஸ் சல்மொனிசிடா' என்பது அதன் இன்றைய பெயர். பிற்பகுதி, 'சல்மனைக் கொல்வது' எனப் பொருள்படும். தோலில் கொப்புளம் தோன்றும் முன்னரே மீன் இறத்தலும் உண்டு. நோய்க்குறி யாதுமின்றிக் கிருமியைச் சுமந்து திரிதலும் உண்டு. பின்னதே பெருங்கேடு.

இந்நோயை அமெரிக்காவின் வானவில் ட்ரவுட் ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தது என்றனர் சிலர்; ஐரோப்பிய ட்ரவுட்டே அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது என்றனர் வேறு சிலர். பழி எப்பொழுதும் அயலார் மீதே! பிரித்தானியாவில் இதற்கெனவே அமைந்த குழு 1930 முதல் 1935 வரை மூன்று அறிக்கைகள் வெளியிட்டது; 1937இல் மீன்நோய்ச் சட்டம் பிறந்தது. 1942இல் டஃப் என்பார் கனடாவில் உணவோடு தடுப்பு மருந்தூட்டிப் பார்த்தார். எனினும் அம்முயற்சி நெடுங்காலம் பயன்தரவில்லை.

நோர்வேயின் அநுபவமே கொடியது. 1964இல் டென்மார்க்கிலிருந்து வந்த ட்ரவுட்டுடனும், 1985இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த சல்மன் குஞ்சுகளுடனும் நோய் புகுந்தது. 1992 முடிவுக்குள் ஏறத்தாழ 550 பண்ணைகள் பீடிக்கப்பட்டன. பண்ணையிலிருந்து தப்பிய மீன்கள் நோயை ஆறுகளுக்கும் கொண்டு சென்றன. பிற கிருமிநோய்களுக்குமாகச் சேர்த்து 1987இல் அங்கு மீன்களுக்கு இட்ட நுண்ணுயிர்கொல்லி ஏறக்குறைய 50 தொன். எண்ணெய் கலந்த ஊசி மருந்து 1990களில் வந்தபின் அவ்வளவு ஒரு தொன்னுக்கும் கீழாயிற்று.

ட்ரவுட்டை 1864இல் முட்டைகளாகப் பெற்ற தஸ்மேனியாவில் சல்மனின் இக்கொப்புள நோய் இல்லை. இக்கிருமி முட்டையினுள் இருந்து கடத்தப்படுவது அரிது. மேற்பரப்பிலுள்ளதை அயடின் அழிக்கும். ஆனால் 1974இல் அவுஸ்திரேலியப் பெருநிலத்து விக்ரோறியா மாநிலத்திற்கு இதே கிருமியின் வேறொரு வகை வந்து சேர்ந்தது. அதனைச் சுமந்தவை, உயிருடன் வந்த அலங்காரத் தங்கமீன்கள். கண்ணாடித் தொட்டி மீன் கொழும்பிலும் பெருவணிகமே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1987இன் இறுதியில் இலங்கை நன்னீர் மீன்களில், சிறப்பாக விராலில், ஆறாப் புண்கள் தோன்றின. மக்கள் நன்னீர்மீனை வாங்க அஞ்ச, மீனவர் வலை வீணே காய்ந்தது. புண்ணில் ஏரோமோனாஸ் இனப் பற்றீரியா காணப்பட்டமையால் முதலில் அதுவே ஐயுறப்பட்டது. பூஞ்சையொத்த நீருயிரி ஒன்றே மூலம் என்பது 1990களில் உறுதியாயிற்று. தென்கிழக்காசியாவில் அதற்கு முன்னரே பரவியிருந்த அந்நோய் இந்தியாவில் அறியப்பட்டது 1988இல். கடல் சூழ்ந்த இத்தீவுக்கோ அதற்கு முன்னரே வந்துவிட்டது. நன்னீர்மீன் தானே கடல் கடப்பதில்லை.