வளரிளம் பிள்ளையின் மனம் சோர்ந்தால் யாரிடம் போவது?

இறைவாக்கினர் எலியா என்றதும், கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்தவர் என்றே நமக்கு நினைவு வரும். அடுத்த அதிகாரத்திலேயே அவர் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, தமக்குச் சாவு வந்தால் போதும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார் (1 அரசர்கள் 19). வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி உணவு கொடுக்கிறார். அதன் பிறகுதான் பயணம் தொடங்குகிறது.

அன்பார்ந்த பெற்றோரே, நம் வீட்டில் 15 வயது மகனோ மகளோ "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னால் நாம் எப்படித் தொடங்குகிறோம்? "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்ற கேள்வியில்தானே! அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது. பதில் இல்லாததால் அது அடுத்த முறை பேசாமலே இருந்துவிடும்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதல்ல. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 100-க்கு 7 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. 40 பேர் உட்காரும் ஒரு மறைக்கல்வி வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர். அவர்கள் யார் என்று ஆசிரியருக்கும் தெரியாது. பல வேளைகளில் வீட்டுக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் மாறிப்போயிருப்பது, நண்பர்களை ஒதுக்குவது, மதிப்பெண் திடீரென்று சரிவது, பரிசோதனையில் ஒன்றும் தெரியாத வயிற்றுவலியும் தலைவலியும் பள்ளிக்குப் போகும் நாளில் மட்டும் வருவது. பையன்களிடம் சோகம் கண்ணீராக வராமல் கோபமாக வருவது வழக்கம். மதுரை வெயிலில் வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கும் பிள்ளையின் கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தனக்குப் பிடித்த பொருள்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவதும் சாதாரணமானதல்ல.

இதைக் கண்டபின் நம் குடும்பங்கள் போகும் வழி ஒன்று உண்டு. முதலில் டியூஷன் ஆசிரியர், பிறகு தாய்மாமன், பிறகு செபக்குழு, அதற்குள் யாராவது "செய்வினையாக இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள், அதற்கும் ஒரு பயணம். மருத்துவரிடம் வரும்போது ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடியிருக்கும். பெண் பிள்ளை என்றால் 'நாளை வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமே' என்ற பயத்தில் இன்னும் தாமதம். சிலர் ஊருக்குத் தெரியக்கூடாது என்று திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ அழைத்துப் போகிறார்கள். முதல் முறை போய்விடலாம். மாதா மாதம் அவ்வளவு தூரம் போக முடியாது. பாதியில் நின்றுபோன சிகிச்சைகள் பல இந்தப் பேருந்துச் செலவில் நின்றவைதான். ஆகவே பக்கத்தில் உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளை வர மறுத்தால்

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது: "கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான், என்ன செய்வது?" முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள். இது முறையானதுதான். பிள்ளையின் நிலையை விளக்கி, வீட்டில் எப்படிப் பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது, எப்போது கட்டாயம் அழைத்துவர வேண்டும் என்று கேட்டு வரலாம். பிள்ளைக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. 'உன்னைச் சரிசெய்யப் போகிறோம்' என்று சொல்லும் பெற்றோரைவிட, 'எங்களுக்கே தெரியவில்லை, நாங்கள் கேட்டு வருகிறோம்' என்று சொல்லும் பெற்றோரிடம் பிள்ளைகள் எளிதாக இறங்கி வருவார்கள்.

தந்தையரும் போக வேண்டும். நம் ஊரில் பிள்ளையை ஆற்றுப்படுத்துநரிடம் அழைத்துப்போவது பெரும்பாலும் அம்மாக்கள்தான். அப்பா பணம் மட்டும் கொடுத்தனுப்புவார். வீட்டில் குடிதான் பிரச்சினை என்றால், பிள்ளைக்கு மட்டும் மருந்து வாங்கி என்ன பயன்? குடிநோயாளிகளுக்கு ஏ.ஏ. குழுக்கள் இருப்பதுபோலவே அவர்கள் குடும்பத்தாருக்கு ஆல்-அனான், பிள்ளைகளுக்கு ஆல்-அட்டீன் என்ற குழுக்களும் உலகெங்கும் உண்டு.

எங்கே போவது?

மதுரை நகரில் முதல் இடம் அரசு இராஜாஜி மருத்துவமனை. நம் மக்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் அதே மருத்துவமனைதான். மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மனநலப் பிரிவு அங்கே உள்ளது. காலையில் சென்று புறநோயாளிச் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஆலோசனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்தில் இருப்பவர்கள் மதுரைக்கு வரவேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாள்களில் வருகிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் "மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டு வந்து சொன்னால் தெருவுக்கே பயன்படும்.

தொண்டு நிறுவனங்களில் மதுரை கே.கே. நகரில் உள்ள எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை பலருக்கும் தெரிந்தது. மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கியது.

வெளியே கிளம்ப மனம் வராதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தேசியச் சேவை அது. நம் மாநிலத்தில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். பிள்ளையும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை அடி உதைக்கோ பாலியல் தொல்லைக்கோ ஆளாகிறது என்றால் 1098. பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளை வாய்திறந்து சொல்லிவிட்டால், 2012-இன் போக்சோ சட்டப்படி அதை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். உறவினர், ஆசிரியர், பங்குப் பணியாளர், யாராக இருந்தாலும் வீட்டுக்குள் பேசி முடிப்பதற்கு இங்கே இடமில்லை.

யார் என்ன செய்வார்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர். மருந்து எழுதித்தர அவரால் மட்டுமே முடியும். மருத்துவ உளவியலாளர் மருந்து தரமாட்டார். பேச்சு வழியாகவும் சோதனைகள் வழியாகவும் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. பள்ளியிலும் பங்கிலும் உள்ள ஆற்றுப்படுத்துநர்கள் நல்ல முதல் படி. ஆனால் தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, சாவு பற்றிய பேச்சு வருகிறது என்றால் அங்கே நிற்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

முதல் சந்திப்பில் மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேசக் கேட்பார். வெளியே உட்காருங்கள். அங்கே பேசியது என்ன என்று வீடு திரும்பும் பேருந்தில் குடையாதீர்கள். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் போல அது முழுமையானது அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர் உங்களிடம் சொல்லிவிடுவார். மற்றதை இரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர் கடமை.

"மருத்துவமனையில் பிடித்துப் போட்டுவிடுவார்களோ" என்ற அச்சமும் வேண்டாம். மிகப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுகிறார்கள். அபூர்வமாகச் சேர்க்க நேர்ந்தாலும், அதே சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. பெற்றோரோ அவர்கள் அமர்த்திய ஒருவரோ முழுநேரமும் உடனிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதற்குச் சட்டம் அறவே தடை விதிக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி இறந்ததை நம் பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள்.

மருந்து பற்றி ஒன்று. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் காய்ச்சல் மாத்திரை போல மறுநாளே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 'சரியாகிவிட்டது' என்று நாமாக நிறுத்தக்கூடாது.

எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது. ஒன்பதாம் வகுப்பில் எழுத்துகளோடு மல்லுக்கட்டி அடிவாங்கும் பையனுக்கு டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மார்ச்சில் கேட்டால் கிடைக்காது.

செபமும் சிகிச்சையும்

மனம் குழம்பியவர்களைப் புளியம்பட்டி புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு அழைத்துப்போவது தென் மாவட்டங்களில் பல தலைமுறை வழக்கம். போங்கள், மாத்திரையையும் எடுத்துப் போங்கள். மருத்துவரை ஆண்டவரே ஏற்படுத்தினார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் சொல்கிறது. மருந்தை நிறுத்தினால்தான் நம்பிக்கை என்று போதிப்பவர் யாராக இருந்தாலும் அவர் திருச்சபையின் போதனையைச் சொல்லவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் 42-ஆம் வயதில் ஆறு மாதம் வாரந்தோறும் ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதை 2017-இல் வெளியான பேட்டி நூலில் தாமே சொல்லியிருக்கிறார். அருள்பணியாளருக்கு அவமானமில்லாதது நமக்கு ஏன் அவமானம்?

உயிர் பற்றிய பேச்சு வந்தால்

"செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கிறது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், எலி மருந்து, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டி வையுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஸ்நேகா அமைப்பினர் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டுப்போட்ட பெட்டிகளில் வைக்கச் செய்தார்கள். அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013-இல் வெளியான அவர்கள் ஆய்வு கூறியது. கொந்தளிக்கும் வேகம் பல நேரங்களில் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தமிழக அரசு 2017 முதல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் வீட்டு விருந்துகளில் அது இன்னும் நிற்கவில்லை.

ஏதேனும் நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள்; மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். வழக்குக்குப் பயந்து எதை உட்கொண்டது என்பதை மறைப்பதால் சிகிச்சை தவறுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கருதுகிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. பிள்ளையை இழந்த குடும்பத்துக்கும் ஒரு சொல்: 1917-இன் திருச்சபைச் சட்டம் திட்டமிட்டுத் தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது, 1983-இன் சட்டத்தில் அந்த விதி இல்லை. கடும் மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் மறைக்கல்வி நூல் (2282, 2283) கற்பிக்கிறது. வாசலில் நின்று முணுமுணுப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் முதன்முறை போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டியவை: இதுவரை பார்த்த மருத்துவர்களின் சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகள், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டை, கடந்த இரண்டு வாரம் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது என்று குறித்த ஒரு தாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேட்பார்கள். பாட்டியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.