படித்த ஏரியும் பார்த்த ஏரியும்

2025-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் வந்திருந்த என் பேரன், முதல் நாளே சினிமாவுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். 'மைன்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஹாலிவுட்காரர்கள் படமாக எடுத்திருக்கிறார்களாம். சித்தப்பாவுடன் போய்விட்டு, போன வேகம் இல்லாமல் திரும்பி வந்தான்.

"படம் எப்படியடா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தது, தாத்தா. ஆனா அது என் ஊர் இல்லை" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவனே விளையாட்டைத் திறந்து காட்டினான். அதில் கதை என்று ஒன்றும் கிடையாது. சதுரம் சதுரமாக மண், கல், மரம் கிடக்கின்றன. வெட்டி எடுத்து அடுக்கி, வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். இரவானால் பூதங்கள் வரும். 2011-ல் வெளிவந்து இதுவரை 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. என் பேரன் ஒரு வருஷமாக அதில் ஓர் ஊர் கட்டிக் கொண்டிருக்கிறான். ஆறு உண்டு, படித்துறை உண்டு, எதற்கென்று தெரியாத ஒரு கோபுரமும் உண்டு. படத்தில் யாரோ ஓர் ஊரைக் கட்டியிருந்தார்கள். இவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அதுதான் வருத்தம்.

இப்படி விளையாட்டைப் படமாக்குகிற வழக்கம் அமெரிக்காவில் 1993-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற படத்தோடு தொடங்கியது. தாவிக் குதிக்கும் குழாய் ரிப்பேர்க்காரனை நிஜ நடிகர்களை வைத்து எடுத்தார்கள். படம் படுத்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து 2023-ல் அதே மாரியோவைச் சித்திரப் படமாக எடுத்தார்கள். 130 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. காசு வந்துவிட்டது என்பதால், ஆடியவன் மனசும் நிறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? பையனின் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இந்தக் குறை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. காவேரிக் கரையில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. வாரப் பத்திரிகை உண்டு. தொடர்கதை என்பதும் ஒரு விளையாட்டுத்தான். ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து ஆவலில் நிறுத்திவிட்டுப் போவார் ஆசிரியர். மற்ற ஆறு நாளும் கதையை நடத்துவது திண்ணையில் இருப்பவர்கள். அவர்களிடமிருந்து அதை வாங்கித் திரையில் போட்டபோதெல்லாம் ஏதோ ஒன்று கைமாறியிருக்கிறது. சில சமயம் லாபம், சில சமயம் நஷ்டம்.

முதலில் 'தியாகபூமி'. அது முழுக்க முழுக்கப் பழைய தஞ்சை ஜில்லாக் காரியம். எழுதிய கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலம். டைரக்டர் கே. சுப்ரமணியம் பாபநாசம். பத்திரிகை அதிபர் வாசன் திருத்துறைப்பூண்டி. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். 1939-ல் ஆனந்த விகடனில் கதை வந்தபோது, சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். படமும் அதே ஆண்டு வந்துவிட்டது. மறு ஆண்டு சர்க்கார் அதற்குத் தடை விதித்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்பு சாஸ்திரி என்றால் சிவனின் முகம்தான். வேறு முகத்தை நினைத்துப் பார்க்க அவர்களுக்கு அவகாசமே கொடுக்கப்படவில்லை. ஆகையால் ஏமாற்றமும் இல்லை.

'தில்லானா மோகனாம்பாள்' விஷயம் வேறு. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் 1950-களில் விகடனில் எழுதிய தொடர். தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு சித்திரம் போட்டார். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசிப்பான். திருவாரூர் மோகனா ஆடுவாள். எல்லாம் சரி. ஆனால் காகிதத்தில் நாதஸ்வரம் எப்படிக் கேட்கும்? 'ராகம் பொழிந்தது' என்று ஆசிரியர் எழுதலாம். பொழிந்ததா இல்லையா என்பது வாசகன் காதைப் பொறுத்த விஷயம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கோயில் வாசலில் நின்று கேட்டவன் அந்த வரியைப் படிப்பதும், கல்யாண ஊர்வலத்தில் மட்டுமே மேளம் கேட்டவன் படிப்பதும் ஒன்றாகுமா?

அந்த ராஜரத்தினம் பிள்ளையையே 1940-ல் 'காளமேகம்' படத்தில் புலவர் வேஷம் போட்டு நடிக்க வைத்தார் எல்லிஸ் டங்கன். திருவாவடுதுறையின் நாதஸ்வரச் சக்கரவர்த்தியைக் கதாநாயகனாக்கிய படம் அது. இன்று அவரை நினைக்கிறவர்கள் தோடியைத்தான் நினைக்கிறார்கள். காளமேகத்தை யார் நினைக்கிறார்கள்?

ஏ.பி. நாகராஜன் 1968-ல் செய்தது புத்திசாலித்தனம். நடிக்கிறவரை நடிக்க விட்டு, வாசிக்கிறவர்களை வாசிக்க விட்டார். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். திரையில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் ஜோடி நாயனம் பிடித்தார்கள். சிவாஜியின் கன்னம் உப்புவதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும், துளைகள் மேல் விரல் விழுவதையும் பார்த்தால், மூச்சு வேறொருவருடையது என்று நம்பத் தோன்றாது. கீவளூருக்கும் நாகைக்கும் நடுவே இருக்கிற சிக்கலின் பெயரைச் சொல்லிக்கொண்டு மதுரைக்காரர்கள் வாசித்தார்களே என்று அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ரசிகர் ஒருவர் குறைப்பட்டுக் கொண்டார். நாயனமாவது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்ததாக இருக்கும் என்று அவரைச் சமாதானம் செய்தார்கள்.

என் அத்தை அந்தப் படத்தைக் கும்பகோணத்தில் இரண்டு தடவை பார்த்தாள். நாவலில் பாதியைக் காணோம், எத்தனையோ ஊர்களும் மனிதர்களும் போய்விட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொடரை வாரா வாரம் கத்தரித்துக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தவள் அவள். ஆனாலும் கோபம் இல்லை. "இத்தனை வருஷம் வாயை மூடிண்டு வாசிச்சான், இன்னிக்குத்தான் காதிலே விழுந்தது" என்றாள். திருவையாற்றுத் தியாகராஜரின் 'நகுமோமு' கொட்டகையில் ஒலித்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்களாம். எழுத்தினால் முடியாததைப் படம் கொடுத்தது. எடுத்துக் கொண்டதை அவள் கணக்குப் பார்க்கவில்லை.

'பொன்னியின் செல்வ'னில்தான் கணக்குச் சிக்கலாகிவிட்டது.

1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை கல்கி பத்திரிகையில் அது வந்தது. மணியம் படம் போட்டார். அத்தைக்கு அப்போது பதினெட்டு வயது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரை மேல் வந்தியத்தேவன் குதிரையில் வருவதுதான் தொடக்கம். கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற அந்த ஏரியை அவள் பார்த்ததே கிடையாது. இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் அனுப்பும் வீராணம்தான் அது. பார்க்காததனாலேயே அது அவளுக்குச் சமுத்திரமாக இருந்தது. 1958-ல் எம்.ஜி.ஆர். கதையின் உரிமையை வாங்கினார், படம் வரவில்லை. பிறகும் பலர் முயன்றார்கள். மணிரத்னத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்தபோது அத்தைக்குத் தொண்ணூறு. கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

படம் போர்க்களத்தில் ஆரம்பமாயிற்று. யானைகள், வாள், இரைச்சல். அத்தை என் முழங்கையைத் தட்டி, "ஏரி எங்கேடா?" என்றாள். பின்னால் கார்த்தி குதிரையில் போனார், பாட்டு வந்தது, தண்ணீரும் வந்தது. "இது இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அநியாயமாகச் சொல்லக்கூடாது, நந்தினியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவ்வளவு அழகா இருந்தா, பழுவேட்டரையர் மேலே எனக்கு இத்தனை நாள் கோபம் வந்ததே தப்பு" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். எழுபது வருஷத்து அபிப்பிராயத்தை ஒரு மாலையில் மாற்றிக்கொண்டாள் என்றால், அதுவும் சினிமாவின் சாமர்த்தியம்தான்.

அந்த ஏரிக்கு அருகில்தான் உடையார்குடி இருக்கிறது. அனந்தீசுவரர் கோயில் சுவரில், 985-ல் பட்டத்துக்கு வந்த ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்களைக் குறிப்பிட்டு, அவர்களையும் அவர்கள் உறவினரையும் சேர்ந்த நிலங்களின் கதியைச் சொல்கிறது. வெட்டிய கை யாருடையது, தூண்டியவர் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. கல்கி அதை மதித்தார். கொலை நடக்கிற இடத்தில் விளக்கை அவித்து இருட்டாக்கிவிட்டு, நம்மைத் தடவித் தேடவிட்டார். எங்கள் திண்ணையில் அத்தைக்கு ஒரு கட்சி, அப்பாவுக்கு ஒரு கட்சி. ஆளுக்கொரு கொலைகாரன். அந்த வழக்கு தீர்ந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

காமிராவுக்கு இருட்டு உதவாது. அறைக்குள் போய்விட்டால் எதையாவது காட்டித்தானே ஆகவேண்டும்? 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகத்தில் கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்க, நம் கண்ணெதிரிலேயே முடிவு நடந்துவிடுகிறது. நன்றாகவே நடித்தார்கள். நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அத்தை மார்கழியிலேயே போய்விட்டாள்; அவள் கட்சி கடைசிவரை தோற்கவில்லை. தைத்த பைண்டு என்னிடம் இருக்கிறது. கடம்பூர் மாளிகை வரும் பக்கங்களில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறாள், எனக்குப் புரியவில்லை.

பேரனிடம் இதில் பாதியைச் சொன்னேன். கரிகாலனில் அவனுக்கு அக்கறை இல்லை. ஏரி எவ்வளவு பெரியது என்று கேட்டான். எழுபத்து நான்கு கணவாய் என்று கதையில் சொல்லியிருப்பதைச் சொன்னேன். கணவாய் என்றால் மதகு என்றும் சொன்னேன். அன்று ராத்திரியே தன் ஊருக்கு வடக்கே நீளமாக ஒரு கரை போட ஆரம்பித்துவிட்டான். ஊருக்குப் புறப்படும் நாளன்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு மதகு ஆகியிருந்தது. மீதிக்கு இடம் போதவில்லை என்பதால் கோபுரத்தை இடிக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான்.